இரண்டு கண்ணி கூடுதல்

பாலக்கரை, திருச்சி
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்குத் தோத்திரம்.

மாதா தயவில் இங்கே எல்லாரும் உடம்புக்குச் சுகம். உங்கள் மாப்பிள்ளைக்குச் சர்க்கரை நூற்றெண்பதில் நிற்கிறது, இறங்குவேனா என்கிறது. உங்கள் முட்டிவலி எப்படி? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது.

போனில் பேசலாமே என்பீர்கள். போனில் நான் சத்தம் போட ஆரம்பித்ததும் "ஆண்டவர் பார்த்துக்குவார் ராணி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன சனிக்கிழமை இங்கே ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. எங்கள் தமிழ்த் துறையிலிருந்து நானும் போயிருந்தேன். மேடையில் டாக்டர் ஆசீர். உங்கள் ரோமாபுரிக் குருமடத்தில் மூன்று வருடம் தங்கி ஆராய்ச்சி செய்துவிட்டுச் சென்னைக்கு வந்தாரே, அவரேதான். கட்டுரைத் தலைப்பு 'தறியில் இருந்த தாய்'. அண்ணா, அது நான் வைத்த தலைப்பு!

தலைப்பு மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். மனிதர் என் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் அடுக்குகிறார். கிரேக்கப் பெருங்காவியத்தில் தறியில் இருக்கும் மனைவிக்குக் கணவன் செத்த சேதி வருகிறது, கையிலிருந்து நெசவு நாடா விழுகிறது. பல நூறு வருடம் கழித்து லத்தீன் கவி அதை எடுத்து, மனைவியைத் தாயாக மாற்றுகிறான். எதிரிப் பாளையத்துக்குள் போய்ச் செத்த மகனை நினைத்து அந்தத் தாய், சொல்லாமல் போய்விட்டாயே என்கிறாள், உனக்கென்று நெய்த துணியைச் சொல்லி அழுகிறாள், எந்த மண்ணில் கிடக்கிறாயோ என்கிறாள். அங்கிருந்து ஆசீர் ஒரே தாவாகத் தாவி நம் கோயிலுக்கு வந்தார். பெரிய வெள்ளிக்கிழமை அப்பா முன்னின்று பாடுவாரே, மாதா புலம்பல், 'நாற்பது கண்ணி', அதற்கு!

லத்தீன் தெரிந்த ஏதோ ஒரு உபதேசியார் முந்நூறு வருடம் முன்பு கட்டிய பாட்டு என்று நாம் கேட்டு வளர்ந்தது. அப்பா போன பிறகு அவருடைய நோட்டு என்னிடம் வந்தது. அதில் இருபத்து மூன்று, இருபத்து நான்காம் கண்ணிகளைப் பார்த்து நான் ஆடிப்போனேன்.

அரைச்சட்டை தைத்துவைத்தேன், அளவுபார்க்க வரலையே
சொல்லாமல் போனாயே, சோறு இங்கே ஆறுதய்யா

ஈரத் துணியோடே எந்தக் கரை கிடந்தாயோ
பொத்தான் வைக்கலையே, பொன்மகனே, என் மகனே

மரியாளுக்கு எதிரிலேயே மகன் சிலுவையில் இருக்கிறான். எந்தக் கரையில் கிடந்தாயோ என்று அவள் ஏன் கேட்க வேண்டும்? என் வாதமே அதில்தான். இயேசுவின் பாடுகளின் கதைக்குப் பொருந்தாத வரி லத்தீன் மூலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரி. ஈரம் என்றால் இரத்தம். பொத்தான் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல், ஆகவே பாட்டு பழையது. இதற்காக முப்பத்தேழு வயதில் லத்தீன் இலக்கணம் படிக்க உட்கார்ந்தேன். பதினோரு வருடம், அண்ணா. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் வினைச்சொல் மனப்பாடம் செய்தேன். ஆசீர் இருபது நிமிடத்தில் சொல்லி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆய்விதழ் ஒன்றில் போன மாதமே அச்சாகிவிட்டதாம். என் பெயர் எங்கேயும் இல்லை.

என் கட்டுரைக்கு இரண்டே பிரதி. ஒன்று என் பீரோவில். இன்னொன்று, மேற்கோள்களைச் சரிபார்க்கச் சொல்லி இரண்டு வருடம் முன்பு உங்களுக்கு அனுப்பியது. உங்களுக்குத் தெரியாமல் உங்கள் அறையிலிருந்து எடுத்தாரா அந்த மனிதர்? விசாரித்து எழுதுங்கள்.

இரவில் முட்டிக்குத் தைலம் போடவும்.

உங்கள் தங்கை,
லூர்துராணி

*

ரோமாபுரி
2 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ராணிக்கு, கிறிஸ்துவின் சமாதானம்.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் நம் ஊர் வெயிலையும் தோற்கடிக்கிறது. முட்டிவலி பரவாயில்லை. மாப்பிள்ளையை இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறச் சொல்.

நீ வருத்தப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அறிவு தனி ஒருவருடைய சொத்தில்லை. ஆசீர் நல்ல மனிதர், குடும்பஸ்தர், வேலை நிரந்தரமாகாமல் தவித்தவர். இந்தக் கட்டுரையால் அவருக்கு ஒரு வழி பிறந்திருக்கலாம். உன் உழைப்பைக் கடவுள் அறிவார். உன் பெயர் பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

தவிர, அந்த இரண்டு கண்ணியை நீ அவ்வளவு பெரிதாக எடுத்திருக்க வேண்டாம். பாட்டில் அதைவிட அழகான இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

அப்பாவின் நோட்டைக் கரையான் தொடாமல் பார்த்துக்கொள்.

ஜெபத்துடன்,
அண்ணன்

*

பாலக்கரை
16 செப்டம்பர் 2024

அண்ணனுக்குத் தோத்திரம்.

இங்கே நலம். நலம் விசாரிப்பது இத்தோடு போதும்.

பரலோகத்தில் எழுதியிருக்கிறதாம்! பரலோகத்தில் ஆய்விதழ் வருகிறதா? அங்கே அச்சாவதை வைத்து எங்கள் கல்லூரியில் பதவி உயர்வு கொடுப்பார்களா? ஆசீருக்கு மட்டும் பூமியில் எழுத வேண்டும், எனக்குப் பரலோகம் போதும், அப்படித்தானே?

நான் கேட்டது ஒரே கேள்வி. கட்டுரை அவர் கைக்கு எப்படிப் போனது? இரண்டு பக்கக் கடிதத்தில் வெயில் இருக்கிறது, சப்பாத்தி இருக்கிறது, பதில் இல்லை.

அந்த லத்தீன் காவியத்தில் தாய் அழுததும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவள் அழுகை கேட்டுச் சேனையின் மனம் தளர்கிறது. உடனே மேலிடத்து உத்தரவு. இரண்டு பேர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் விடுகிறார்கள். அத்தோடு அவள் கதை முடிந்தது. நீங்களும் எனக்கு அதைத்தான் செய்கிறீர்கள், வேதவசனம் சொல்லிக்கொண்டே.

ஆசீருக்கு நானே போன் போட்டேன். "மேடம், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. இது பொது மரபு, யார் வேணும்னாலும் எடுத்துப் பேசலாம்" என்றார். "மரபு பொதுதான் சார், பதினோரு வருஷம் என்னுது" என்றேன். "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

முந்தாநாள் ஆய்விதழின் ஆசிரியர் டாக்டர் ஹபீபுல்லாவுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். பதிவுத் தபாலில், என் குறிப்பேடுகளின் நகலோடு.

லூர்துராணி

*

ரோமாபுரி
5 அக்டோபர் 2024

அன்பு ராணிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

அவசரப்பட்டுவிட்டாய். அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள். விஷயம் பெரிதானால் அந்த வரிகளை ஆளாளுக்குப் பிரித்து ஆராய்வார்கள். அது ஜெபத்தில் பாடும் பாட்டு. அம்மாவை நினைத்தாவது நிறுத்திவிடு.

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. பூசைக்கு மணியாகிவிட்டது.

அண்ணன்

*

பாலக்கரை
21 அக்டோபர் 2024

இருதயநாதன் சாமியாருக்கு,

இந்தக் கடிதத்தில் தோத்திரம் கிடையாது.

நீங்கள் குருப்பட்டம் வாங்கின அன்று அப்பா என்னைக் கூப்பிட்டு, "இனிமே அண்ணனை நீ வான்னு பேசக்கூடாது, நீங்க வாங்கன்னுதான் சொல்லணும்" என்றார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. இன்றைக்கு என்னால் முடியாது. நீ, நீ, நீ! நீதான் கொடுத்தாய்!

ஹபீபுல்லா சார் நேர்மையான மனிதர். ஆசீரிடம் விளக்கம் கேட்டு அதை எனக்கு அப்படியே அனுப்பியிருக்கிறார். ஆசீர் எழுதியது இது: "மேற்படி குறிப்புகளை என்னிடம் தந்தவர் அந்த அம்மையாரின் சொந்தச் சகோதரரான குருவானவர். வேண்டியபடி பயன்படுத்திக்கொள்ளுமாறு சொன்னவரும் அவரே." கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டின் நகல். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? எனக்கு முதல் முதலில் 'அ' எழுதிக் காட்டினவன் நீதானே.

வேண்டியபடி பயன்படுத்திக்கொள்ள அது என்ன, கோயில் திருவிழாக் கூழா? உன் தங்கை கண் எரிய எரியப் படித்து எழுதினது. திருடனை நான் சென்னையில் தேடிக்கொண்டிருந்தேன். நீ ரோமாபுரியில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி எனக்குச் சமாதானம் அனுப்பிக்கொண்டிருந்தாய். அம்மாவை நினைக்கச் சொன்னாயே, வெட்கமாக இல்லை? அம்மா இருந்திருந்தால் உன்னை நிற்கவைத்துக் கேட்டிருப்பாள்.

ஏன் கொடுத்தாய்? அதை மட்டும் எழுது.

ராணி

*

ரோமாபுரி
13 நவம்பர் 2024

ராணிக்கு,

கொடுத்தது நான்தான். மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். உன் கட்டுரையைப் படித்தேன். ஒரு முறைதான் படிக்க முடிந்தது. அந்த வாரம் ஆசீர் வேறு எதற்கோ அறைக்கு வந்தார், மேசையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார். எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன், கேட்டதால் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அது என் மேசையிலிருந்து போனால் போதும் என்று அப்போது இருந்தது. அவர் அதைத் தன் பெயரில் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. போட்ட பிறகு உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆசீரிடம் பேசிவிட்டேன். அடுத்த இதழில் உனக்கு நன்றி சொல்லி ஒரு குறிப்புப் போடுகிறாராம். அதோடு இந்த விஷயத்தை விட்டுவிடலாம், ராணி. அந்த இரண்டு கண்ணியையும் விட்டுவிடலாம்.

இன்று காலைப் பூசையை ஒரு தனிக் கருத்துக்காக ஒப்புக்கொடுத்தேன். வருடா வருடம் இந்த நாளில் செய்வதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பாலக்கரை
3 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இரத்த அழுத்தம் நூற்றைம்பது. அதில் பாதி உன் உபயம், மீதி ஆசீர்.

நன்றிக் குறிப்பின் வரைவை அனுப்பியிருக்கிறார் மகானுபாவர். "தரவு சேகரிப்பில் உதவிய திருச்சிக் குடும்பப் பெண்மணி ஒருவருக்கு நன்றி." குடும்பப் பெண்மணி! இருபத்தாறு வருடம் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், பெயர்கூடக் கிடையாதா எனக்கு? அந்தக் காகிதத்தைச் சுருட்டி எறிந்தேன், உன் மாப்பிள்ளை பொறுக்கியெடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார், சாட்சிக்கு வேண்டுமாம்.

கோபத்தோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறி வேதவல்லி வீட்டுக்குப் போனேன். முன்பு எங்களோடு சமஸ்கிருதம் எடுத்தவள், இப்போது ஓய்வு பெற்று உத்திர வீதியில் இருக்கிறாள். என் கட்டுரையையும் நோட்டையும் அவளிடம் கொடுத்து, நியாயத்தை நீயே சொல் என்றேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"ஏண்டி ராணி, பாட்டுக்குப் பேரு நாப்பது கண்ணிங்கறே. நான் எண்ணிப் பாத்தா நாப்பத்திரண்டு இருக்கே?"

"ஏடு பார்த்து எழுதினவங்க கூட்டியிருப்பாங்க, அது சகஜம்" என்றேன்.

"கூட்டினது இந்த ரெண்டும்தான்டி. மத்த நாப்பதுலயும் மாதா ராணியாட்டம் பேசறா, தேவரீர்ங்கறா. இதுல மட்டும் சோறு ஆறிப்போறதேன்னு அழறா. எதிரே சிலுவையில இருக்கற பிள்ளையை எந்தக் கரையில கெடந்தியோன்னு எவளாவது கேப்பாளா? தறியில நெய்யறவ எங்கேடி பொத்தான் தைப்பா? இவ கையில இருந்தது தறியில்லை, ஊசி. நிஜமாவே ஒரு பிள்ளையைத் தண்ணியில தொலைச்சவடி இவ."

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கால் தானாக ஜீயபுரம் பஸ்ஸில் ஏறியது. அங்கே லிசி என்று என் பழைய மாணவி இருக்கிறாள். அவள் மாமனார் வீட்டிலும் இதே புலம்பலின் பழைய பிரதி உண்டு. எண்ணினேன். சரியாக நாற்பது. இருபத்திரண்டுக்கு அடுத்தது, நம் நோட்டில் இருபத்தைந்தாக இருக்கும் கண்ணி. நடுவில் அந்த இரண்டும் இல்லை.

அப்பாவுக்கு ஆறாம் வகுப்புப் படிப்பு. அவர் பாடுவார், கட்டமாட்டார். பின்னே இதைக் கட்டினது யார்? அண்ணா, உனக்குத் தெரியும். முதல் கடிதத்திலிருந்தே அந்த இரண்டு கண்ணியை விடு விடு என்கிறாய். யாருடையது என்று எழுது.

ராணி

*

பாலக்கரை
12 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட இல்லை உன்னிடமிருந்து. போன் போட்டால் மணி அடித்து ஓய்கிறது.

சரி, நானே சொல்கிறேன். நேற்றுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் சின்னக் கல். சூசை அண்ணன். உனக்கு இளையவன், எனக்கு மூத்தவன், போட்டோவில் மட்டுமே நான் பார்த்த முகம். ஏழு வயதில் காய்ச்சலில் போனான் என்று சொல்லி என்னை வளர்த்தீர்கள். கல்லில் தேதி இருக்கிறது, இத்தனை வருடமாகப் பூவைத் தூவிவிட்டு வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை. 13-11-1977.

அந்த வாரம் திருச்சியே தண்ணீரில் கிடந்தது. ஊருக்கே தெரிந்த வெள்ளம். நீ பூசை ஒப்புக்கொடுக்கும் நாளும் அதுதான்.

நவம்பர். அம்மா தையல் மிஷினில் கிறிஸ்துமஸ் சட்டை தைக்கும் மாதம்.

அம்மாவா, அண்ணா?

ராணி

*

ரோமாபுரி
4 பிப்ரவரி 2025

அன்பு ராணிக்கு,

ஆமாம், அம்மாதான்.

அவன் காய்ச்சலில் போகவில்லை, வெள்ளத்தில் போனான். மூன்று நாள் கழித்துக் கிடைத்தான். அடக்கம் முடிந்து எட்டாம் நாள், அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்து பாதி தைத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னாள். எழுதத் தெரியாதவள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அடுத்த பெரிய வெள்ளியன்று இருபத்திரண்டாம் கண்ணி முடிந்ததும் அப்பா அதைப் பாடினார். கோயிலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் சாகும்வரை அப்படித்தான். வருடா வருடம் அவர் பாடுவார், அவள் கேட்பாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சுக் கிடையாது. உன்னிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னதும் அவள்தான்.

நீ அதில் கிரேக்கமும் லத்தீனும் கண்டுபிடித்து அனுப்பியபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். ஆகவே சொல்லவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. இது நமக்குள்ளேயே இருக்கட்டும், ராணி. வெளியே சொன்னால் உன் கட்டுரையும் சேர்ந்துதான் விழும். பதினோரு வருடத்தை நீயே கொளுத்திக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்

*

பாலக்கரை
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. அது எனக்கு நல்லது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் கட்டுரை விழும் என்கிறாய். விழட்டும். அது பொய். கிரேக்கத்திலிருந்து ரோமுக்கு வந்தது நிஜம், அதற்குச் சாட்சி உண்டு. ரோமிலிருந்து பாலக்கரைக்கு வந்ததாக நான் சொன்னதற்குச் சாட்சி என் ஆசை மட்டும்தான். பொருந்தாத வரி மூலத்தின் மிச்சம் என்று எவ்வளவு பெருமையாக எழுதினேன்! பொருந்தவில்லை என்றதும் கப்பலேறிப் போய்த் தேடினேன், பக்கத்து அறையில் தேடவில்லை. அம்மா தைத்துக் கொடுத்த பாவாடை சட்டை போட்டுக்கொண்டுதானே நான் பள்ளிக்கூடம் போனேன்?

ஆசீர் என் பெயரைத் திருடினான் என்று ஊரெல்லாம் கத்தினேன். அம்மா பாட்டை ஆளுக்கொரு பக்கம் கொடுத்தவர்கள் நாம். அப்பா உபதேசியாருக்குக் கொடுத்தார். நீ ஆசீருக்குக் கொடுத்தாய். நான் ரோமாபுரிக்கே கொடுத்துவிட்டேன். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. என்னை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஹபீபுல்லா சாருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் கட்டுரையின் அந்தப் பகுதி தவறு, அதை எடுத்தாண்ட ஆசீரின் கட்டுரையும் தவறு, திருத்தம் போடுங்கள், அந்த இரண்டு கண்ணிக்கும் ஆசிரியர் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் ஆசீரைக் கேட்டிருக்கிறார். ஆசீர் எனக்கே போன் போட்டார். "மேடம், லாஜிக்கா யோசிங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தையக்கார அம்மா, லத்தீன் காவியத்தோட இவ்வளவு ஒத்துப்போற மாதிரி பாடியிருக்க வாய்ப்பே இல்ல" என்றார்.

"அவங்களுக்குப் பிள்ளை செத்துப்போச்சு சார். அதுக்கு லத்தீன் எதுக்கு?" என்றேன். இந்தத் தடவை போனை வைத்தது நான்.

ஹபீபுல்லா சார் பக்குவமாகப் பதில் எழுதியிருக்கிறார். அவர் நம்புகிறார். ஆனால் எனக்கு அப்போது மூன்று வயது, என் சொல் சாட்சியாகாது. கேட்டவர் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பெயர் போடலாம், இல்லாவிட்டால் 'ஆசிரியர் அறியப்படவில்லை' என்று போட வேண்டியிருக்கும் என்கிறார். ஏப்ரல் இதழுக்கு மார்ச் கடைசிக்குள் வேண்டும்.

அறியப்படவில்லையாம். நீ அறிவாய் அல்லவா? உயிரோடு இருப்பதில் நீ ஒருவன்தான் அறிவாய்.

மற்றதையும் சொல்ல வேண்டுமே என்று எழுதியிருந்தாய். அது என்னவென்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தேதி, இடம், சொன்னது அம்மா, எழுதியது அப்பா. நாலு வரி போதும். நீ எழுதாவிட்டால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்ட ஆட்களில் நீயும் ஒருத்தன் என்று சாகும்வரை சொல்லுவேன்.

முட்டிக்குத் தைலம் இதோடு அனுப்பியிருக்கிறேன். சுங்கத்தில் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

ராணி

*

ரோமாபுரி
19 மார்ச் 2025
சூசையப்பர் திருநாள்

ஆய்விதழ் ஆசிரியர் டாக்டர் ஹபீபுல்லா அவர்களுக்கு. நகல்: என் தங்கை முனைவர் லூர்துராணிக்கு.

ஐயா,

வணக்கம். கீழே உள்ளது என் சாட்சியம். ஒரு சொல்லும் குறைக்காமல் அச்சிட வேண்டுகிறேன்.

'நாற்பது கண்ணி' என்னும் மாதா புலம்பலில் எங்கள் குடும்ப நோட்டில் மட்டும் காணப்படும் இருபத்து மூன்று, இருபத்து நான்காம் கண்ணிகளை இயற்றியவர் எங்கள் தாய் ஞானசவுந்தரி, தையல் தொழிலாளி, பாலக்கரை, திருச்சிராப்பள்ளி. 1977 நவம்பர் மாதக் கடைசியில், எங்கள் வீட்டில், அவர் வாயால் சொல்ல என் தந்தை எழுதினார். எனக்கு அப்போது பத்து வயது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவருக்கு எந்தக் காவியமும் தெரியாது.

இந்தக் கண்ணிகளைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்புகள் என் தங்கை பதினோரு வருடம் உழைத்து எழுதியவை. அவளைக் கேட்காமல் அவற்றை இன்னொருவருக்குக் கொடுத்தது நான். தெரிந்த உண்மையை அவளிடம் மறைத்து அவள் ஆராய்ச்சி தவறான வழியில் போகக் காரணமும் நான்.

பாட்டில் ஒரு வரி, சொல்லாமல் போனாயே என்பது. ஆய்வாளர்கள் அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். சரியான விளக்கம் இது. நவம்பர் பதின்மூன்றாம் தேதி, சோறு போட்டு வைத்துவிட்டு அம்மா எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளம் பார்க்கலாம் வா, சொன்னால் விடமாட்டாள் என்று என் தம்பியைப் பின்வாசல் வழியாக உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனது நான். அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். தண்ணீரில் ஒரு பூசணிக்காய் மிதந்து வந்தது. அதை எட்டிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அவன் தானாக ஓடிப் போனான் என்று வீட்டில் சொன்னேன். அம்மா நம்பினார். அதனால்தான் பாட்டில் அவனைக் கோபித்துக்கொள்கிறார். சொல்லாமல் போனவன் அவன் இல்லை.

இப்படிக்கு,
இருதயநாதன்
ஞானசவுந்தரியின் மூத்த மகன்